ஊட்டிக் குளிருக்கான விறகை மாசியிலேயே பிளந்து அடுக்குங்கள்

நீலகிரிப் பக்கம் விறகு அடுப்போ கணப்போ வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரிக்கான விறகை அக்டோபரில் தேடினால் ஈர விறகுதான் கிடைக்கும், அது எரியாது, வீடெல்லாம் புகையும். மாசி, பங்குனியிலேயே வாங்கிவிட்டால் ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள் நல்ல வெயிலும் காற்றும் பட்டுவிடும்.

என் முதல் தேர்வு சீகை (வாட்டில் மரம்) விறகு, நின்று எரியும், தணலும் நெடுநேரம் இருக்கும். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பரவாயில்லை, ஆனால் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள், காய்ந்துவிட்டால் கோடாலி இறங்கவே இறங்காது. உருட்டுக் கட்டையாக விட்டால் பட்டைக்குள் ஈரம் அப்படியே நிற்கும். மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்து, செங்கல் மேல் தரையில் படாமல் இடைவெளி விட்டு அடுக்குங்கள், தார்ப்பாயை மேலே மட்டும் போடுங்கள், பக்கத்தையும் மூடினால் பூஞ்சைதான் பிடிக்கும். இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள்: 'டங்' என்று கேட்டால் காய்ந்துவிட்டது, 'தொப்' என்றால் இன்னும் ஈரம், வெட்டுமுகத்தில் வெடிப்பும் ஓடியிருக்க வேண்டும்.

சொந்த நிலத்து மரமாக இருந்தாலும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வெட்டுவதற்கு முன் அனுமதியை விசாரித்துவிடுங்கள். அப்புறம், தயவுசெய்து தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.