ராத்திரி மட்டும் கோடு விழும் கேமரா

சிசிடிவி கேமராவில் கோடு விழுகிறது, படம் உறைந்து நிற்கிறது என்று போன் வந்தால் நான் மூன்று கேள்வி கேட்பேன். லைவிலும் அப்படியா, ரெக்கார்டிங்கில் மட்டுமா? ஒரு கேமராவா, எல்லாமா? பகலிலா, இருட்டிய பிறகா? பதில் சரியாக வந்தால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும். ஏணி போட்டுக் கேமராவைக் கழற்றுவது கடைசி வேலை.

பகலில் நன்றாக இருந்து இருட்டியதும் கோடு விழுந்தாலோ, கேமரா அணைந்து அணைந்து எரிந்தாலோ, பெரும்பாலும் கரண்ட் போதவில்லை என்று அர்த்தம். இருட்டியதும் லென்ஸைச் சுற்றியுள்ள ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரிய, கேமரா கூடுதல் கரண்ட் இழுக்கும். ஒயர் மெல்லியது, தூரமும் அதிகம் என்றால் கேமராக்களுக்குக் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் 12 வோல்ட்டாகக் கிளம்புவது கேமராவுக்குப் பத்தரையாக வந்து சேரும். டிசி பின்னைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 என்றுதான் காட்டும், அதை நம்பாதீர்கள். பின் மாட்டியே இருக்க வேண்டும். கேமரா முகத்தைக் கறுப்புத் துணியால் மூடி ஐஆர் எரிந்த பிறகு, கேமரா பக்கத்து ஜாயின்ட்டில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே அளக்க வேண்டும். 11-க்குக் கீழே போனால் அங்கேதான் கோளாறு. அந்தக் கேமராவுக்கு மட்டும் பக்கத்திலேயே 12 வோல்ட் அடாப்டர் ஒன்று போட்டுவிடுங்கள். சிலர் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் சின்னத் திருகைத் திருகி வோல்ட்டேஜை ஏற்றிவிடுவார்கள். கிட்டத்தில் இருக்கும் கேமராக்களுக்கு அது ஆகாது.

மழை பெய்த மறுநாள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் வீடியோ ஒயர் முனையில் மாட்டும் பிஎன்சி பின்னைப் பாருங்கள். இன்சுலேஷன் டேப்பைப் பிரித்ததும் நடுக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். சுரண்டி மாட்டினால் அடுத்த மழைவரைதான் தாங்கும். களிம்பு ஏறிய நீளத்தை வெட்டிப் போட்டுவிட்டுப் புதுப் பின் போடுங்கள். ஜாயின்ட் மொத்தத்தையும் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். ஒயர் நுழையும் ஓட்டை பெட்டியின் அடிப்பக்கம் இருக்கட்டும்.

படத்தில் பட்டை பட்டையாக மேலிருந்து கீழே உருண்டால், கேமரா ஒயர் இபி லைனோடு ஒரே பைப்பில் போகிறதா என்று பாருங்கள். ரவுட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வீட்டில் இருந்தால் இதைச் சோதிப்பது சுலபம். யுபிஎஸ்ஸை பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு, அதன் பேட்டரியில் கேமராவை ஓட்டுங்கள். பட்டை மறைந்தால் கோளாறு பவர் சப்ளையிலோ எர்த்திலோ. மறையாவிட்டால் ஒயரைத் தனியே பிரித்து இழுக்க வேண்டியதுதான். டியூப் லைட் வெளிச்சத்தில் மட்டும் படம் துடித்தால் ஒயர் மேல் பழி போடாதீர்கள். செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். நம் ஊர் கரண்ட்டுக்கு 50.

லைவ் பளிச்சென்று இருக்கிறது, ரெக்கார்டிங் மட்டும் விட்டு விட்டு வருகிறதா? ஹார்ட் டிஸ்க்தான். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 43 ஜிபி ஆகும். நாலு கேமராவுக்கு 1 டிபி ஆறு நாள்கூட வராது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய டிஸ்க்கைப் போட்டால் ராத்திரி பகலாக எழுதிக்கொண்டே இருக்கும் இந்த வேலைக்கு அது அதிக நாள் தாங்காது. கண்காணிப்புக்கென்றே வரும் டிஸ்க்கை வாங்குங்கள். பதிவு செய்யும் பெட்டியான டிவிஆரில் டிஸ்க் நிலையைப் பார்க்கும் இடம் உண்டு. எரர் காட்டினால் உடனே ஃபார்மட் அடிக்காதீர்கள், வேண்டிய பதிவைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துப் பதிவையே காணோம் என்றால் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்து, கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பழைய வருஷத்துக்கு ஓடியிருக்கும். பதிவு அந்தத் தேதியில் கிடக்கும்.

போனில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிவது கோளாறே இல்லை. டேட்டா மிச்சமாகட்டும் என்று ஆப் மட்டமான சப் ஸ்ட்ரீமைக் காட்டும். மெயின் ஸ்ட்ரீமுக்கு மாற்றினால் தெளிந்துவிடும். பென் டிரைவில் எடுத்தது லேப்டாப்பில் திக்கித் திக்கி ஓடினால் அது எச்.265 முறையில் சுருக்கிய ஃபைலாக இருக்கலாம். பழைய லேப்டாப் அதற்குத் திணறும், விஎல்சி பிளேயரில் போட்டுப் பாருங்கள்.