தோட்டச் சம்பள மென்பொருளில் சேர்ந்த கடனை எப்படி அடைப்பது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்குச் சம்பள மென்பொருள் பார்க்கிறவரா நீங்கள்? அவசரத்தில் எழுதி, பிறகு சரிசெய்யாமல் விட்ட கோடுதான் (நிரல்) இங்கே கடன், அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆகும் கூடுதல் வேலைதான் வட்டி. முதலில், மொத்தத்தையும் புதிதாக எழுதிவிடலாம் என்ற ஆசையை விடுங்கள். மாதக் கடைசியில் கிராணி (தோட்ட எழுத்தர்) கைக்குச் சம்பளச் சீட்டு வந்தாக வேண்டும். எந்த ஃபைலில் அடிக்கடி கை வைக்கிறீர்கள் என்று கிட் லாக்கில் (கோடில் செய்த மாற்றங்களின் பதிவு) பாருங்கள், வட்டி அங்கேதான் ஏறுகிறது. வருடக்கணக்கில் யாரும் தொடாத அசிங்கமான கோடு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

குறைந்தபட்சச் சம்பளத்தையே எடுங்கள். 2022 மே மாதம் 1,500 வெள்ளி (ரிங்கிட்), 2025 பிப்ரவரியில் 1,700, அதிலும் ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருந்த முதலாளிகளுக்குப் பொதுவாக ஆகஸ்டு வரை தவணை. கோடு முழுக்க 1500 என்று நேரடியாக அடித்து வைத்திருந்தால் ஒவ்வொரு அறிவிப்புக்கும் தேடல் வேட்டைதான். தொகை, அமலுக்கு வரும் தேதி, ஆள் எண்ணிக்கை மூன்றையும் ஒரு டேபிளில் போடுங்கள். இன்றைய தேதியை வைத்துத் தேடாதீர்கள், சம்பள மாதத்தை வைத்துத் தேடுங்கள், இல்லாவிட்டால் பழைய மாதப் பாக்கியைப் போடும்போது கணக்கு உதைக்கும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் போன மாதச் சம்பளத்தை ஓட்டி, சென் வரை ஒப்பிடுங்கள்.

மேனேஜரிடம் ரீஃபேக்டரிங் (வேலை மாறாமல் கோடைச் சீர்செய்வது) என்று போய் நின்றால் நேரம் கிடைக்காது (எங்கும் அப்படித்தான்). அடிக்கடி கை வைக்கும் ஃபைலைத் தொடும் டிக்கெட் (மாற்றம் கேட்டு வரும் வேலைக் கோரிக்கை) வரும்போது அதோடு சேர்த்தே சரிசெய்துவிடுங்கள்.