வீட்டுக்கு மனு எழுதும் முன் பட்டாவைப் பாருங்கள்

கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வரும் மனுக்களில், வீடு கேட்பவை எப்போதும் உண்டு. 'கூரை ஒழுகுகிறது, மழையில் படுக்க இடமில்லை' என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அத்தனையும் உண்மைதான். ஆனால் சர்வே எண் இருக்காது. அதிகாரி முதலில் தேடுவது அதைத்தான்.

2024-இல் அறிவிக்கப்பட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம், குடிசையில் வாழும் ஊரகக் குடும்பங்களுக்கு 360 சதுர அடியில் வீடு கட்ட உதவுகிறது. மனை கொடுப்பது அதன் வேலை அல்ல. இடமும் பட்டாவும் நம்மிடம் இருக்க வேண்டும். வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, ரேஷன் அட்டை மூன்றும் சேர்ந்தாலும் பட்டா ஆகாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய குழப்பம் பி-மெமோ. 'முப்பது வருடமாகக் கட்டுகிறோம்' என்று அந்த ரசீதுகளைப் பெருமையாக நீட்டுவார்கள். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, அரசு நிலத்தில் அனுமதியின்றி இருப்பதற்கு விதிக்கும் தண்டத்தொகை அது. உரிமை தருவதில்லை. ஆனாலும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்: ஆட்சேபணையற்ற புறம்போக்கு (குடியிருக்க அரசுக்கு மறுப்பில்லாத அரசு நிலம்) என்றால், அதை வரன்முறைப்படுத்தி நம் பெயருக்குப் பட்டா கேட்கும்போது எத்தனை வருடமாகக் குடியிருக்கிறோம் என்பதற்கு அதுவே சான்று. கெடிலத்தின் கரை, ஏரி, ஓடை என்று நீர்நிலைப் புறம்போக்கில் இருப்பவர்கள் அங்கேயே பட்டா கேட்டு அலைவது வீண். அதை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்புவது அதைவிட மோசம். மாற்று இடத்தில் மனைப்பட்டா கேட்டு எழுதுங்கள்.

பட்டா தாத்தா பெயரிலேயே கிடந்தால், வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றிய பிறகு வாருங்கள். கூட்டுப்பட்டா என்றால் நம் பங்கைத் தனியாகப் பிரித்து உட்பிரிவு செய்துகொள்வது பின்னால் வரும் பங்காளிச் சண்டையைத் தவிர்க்கும்.

வீட்டுக்கான ஆணை வந்ததும் ஆசையில் பெரிதாக அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். பணம் தவணை தவணையாக, வேலை முடிந்த அளவுக்குத்தான் வரும். லிண்டல் மட்டத்தில் (கதவு, ஜன்னலின் மேல் விளிம்பு உயரத்தில்) வட்டிக் கடனோடு நின்றுபோன வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

முதியோர் உதவித்தொகை (மாதம் 1,200 ரூபாய், வயது 60) வேறு கதை. மகன் தனிக்குடித்தனம் போய்ப் பல வருடமாகியும், பெயர் தாயின் ரேஷன் அட்டையிலேயே இருக்கும். சம்பாதிக்கும் மகன் உடன் இருக்கிறான் என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள். ஆதாரில் வயது குறைவாகப் பதிவாகியிருந்தாலும் இதே கதிதான்.

நம் எல்லைக்கே உரிய சிக்கலும் உண்டு. புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்திலிருந்து கடலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவருக்கு ஆதார் முகவரி இன்னும் பிறந்த வீடாக இருக்கும். புதுச்சேரியின் திட்டங்கள் தனி, தமிழ்நாட்டின் திட்டங்கள் தனி. இரண்டு பக்கமும் மனு போட்டு வைப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல, இரண்டும் நின்றுபோகும்.

மனு தள்ளுபடியானால், காரணத்தை வாய்ச்சொல்லாகக் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன் கேட்டால் 30 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர் சான்று இணைத்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம்.