சன்ரூஃப் கோணலாக நிற்கிறதா? மலிவுக் கிட் வாங்கி வீட்டிலேயே சரிசெய்யும் முறை

காரின் கூரையில் உள்ள சன்ரூஃப் கண்ணாடியின் ஒரு பக்கம் மேலே தூக்கி, மறுபக்கம் கீழேயே கிடந்தால் பட்டனிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். இரண்டாம் முறை அழுத்தவே வேண்டாம். அந்த நேரத்தில் உடைந்திருப்பது பெரும்பாலும் விரல் நீளப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றுதான். மூடிவிடலாம் என்று மறுபடி மறுபடி அழுத்தும்போதுதான் மோட்டார் தன் முழு பலத்தையும் போட்டுக் கேபிளின் பல்லைத் தின்கிறது. இங்கே தென்னாப்பிரிக்காவில் சில நூறு ரேண்டில் முடிய வேண்டிய வேலை, மொத்த சன்ரூஃப் ஃப்ரேமையே மாற்றும் செலவில் போய் நிற்கும்.

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், பிரிட்டோரியாவை ஒட்டிய ராஸ்லினில் தயாரான பழைய பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் ஈ46 போன்ற, ஒற்றைக் கண்ணாடி பின்னால் நகரும் வகை வண்டிகளுக்கான முறை இது. முழுக் கூரையும் கண்ணாடியாக இருக்கும் பனோரமிக் வகைக்கு இது பொருந்தாது.

எது போயிருக்கிறது என்று காதால் கண்டுபிடியுங்கள்

பட்டன் அழுத்தியும் சத்தமே இல்லையென்றால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு 'டக் டக்' என்று அடித்தால், மோட்டாரின் பல்சக்கரம் கேபிளைத் தாண்டிக் குதிக்கிறது. கண்ணாடி கோணிக்கொண்டால் தூக்கு கை அல்லது அதன் கீழே ரெயிலில் ஓடும் கைடு உடைந்திருக்கிறது. வீட்டில் செய்ய ஏற்றது இந்தக் கடைசி வகை. ரெயிலே வளைந்திருந்தாலோ, கண்ணாடி தன் இரும்புச் சட்டத்திலிருந்து பசை விட்டுப் பிரிந்திருந்தாலோ, கிட் (இந்தக் கை, கைடு போன்ற மாற்றுத் துண்டுகள் அடங்கிய பை) வாங்கிப் பயனில்லை.

கிட் வாங்கும்போது

பழைய துண்டில் அச்சான எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஒரே மாடலிலும் செடானுக்கு ஒன்று, கூபேக்கு ஒன்று, ஸ்டேஷன் வேகனுக்கு ஒன்று என்று மாறும். பையில் குறித்திருக்கும் இடது, வலது என்பது ஓட்டுநர் இருக்கையில் முன்னே பார்த்து உட்கார்ந்தால் வரும் இடது, வலது. மலிவுக் கிட்டுகளில் பை மாறி வருவது சகஜம். பழைய துண்டைப் பக்கத்தில் வைத்து, கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒப்பிட்ட பிறகே கை வையுங்கள்.

முழுக்க உலோகம் என்று விளம்பரம் செய்யும் கிட்டைத்தான் பலரும் தேடிப் போகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உலோகக் கை இருக்கலாம், நல்லதுதான். ஆனால் ரெயிலில் உரசி ஓடும் பாதம் பிளாஸ்டிக்காகவே இருக்க வேண்டும். உலோகம் நேராக அலுமினிய ரெயிலில் உரசினால் மேல்பூச்சு தேய்ந்து ரெயில் பள்ளம் விழும். கிட்டை ஆயிரம் முறை மாற்றலாம், ரெயிலை மாற்றுவது வேறு கதை.

ஒரு பக்கம் மட்டும் உடைந்திருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயசு.

கருவிகள்: நட்சத்திர முனையுள்ள டார்க்ஸ் டி25 பிட் (பெரும்பாலான கண்ணாடி ஸ்க்ரூ இதுதான்), மோட்டாரைக் கையால் திருக வண்டியோடு வந்த ஆலன் கீ (அறுகோணச் சாவி), பிளாஸ்டிக் நெம்பு தட்டு, மாஸ்கிங் டேப், சிலிக்கான் கிரீஸ், பஞ்சுத் துணி, பழைய பல் துலக்கி, 2 மி.மீ தடிமனுள்ள புல்வெட்டி நைலான் கயிறு இரண்டு மீட்டர். டார்க்ஸ் பிட் மட்டும் நல்லதாக வாங்குங்கள். மலிவு பிட் ஸ்க்ரூத் தலையை உருட்டிவிட்டால் அதைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும், கண்ணாடிக்கு அரை விரல் தூரத்தில்.

நாள் பார்த்து ஆரம்பியுங்கள்

டர்பன் பக்கம் ஜூன், ஜூலையில் செய்வது நிம்மதி, மழை குறைவு. கேப் டவுனில் நேர்மாறு, அங்கே குளிர்காலம்தான் மழைக்காலம். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியாவில் கோடை என்றால் விடியற்காலையில் தொடங்கி மதியத்துக்குள் மூடிவிடுங்கள். பிற்பகல் இடிமழை சொல்லிக்கொண்டு வராது. எந்த ஊரானாலும் கூரையை மூடும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட் கையில் இருக்கட்டும்.

கழற்றுதல்

கண்ணாடி நேராக இருந்து மோட்டாரும் ஓடினால், மூடும் பட்டனை அழுத்தி அதைத் தன் 'மூடிய' நிலைக்குக் கொண்டு வந்த பிறகே பேட்டரியைக் கழற்ற வேண்டும். கண்ணாடி கோணி நிற்கிறதா? அப்படியே பட்டனை அழுத்தாதீர்கள். வண்டிக்குள் கூரையின் முன்பக்கம் உள்ள விளக்குப் பெட்டியைக் கழற்றி, மோட்டாரைக் கூரையிலிருந்து இறக்கி, வயர் மாட்டியபடியே வெறுமனே ஓட்டுங்கள். மூடும் பட்டனில் அது தானாக நிற்கும் இடம்தான் அதன் மூடிய நிலை.

பிறகு பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். கூரை ஓரங்களில் திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் இதைத் தவிர்க்கவே கூடாது.

கண்ணாடிக்குக் கீழே நகரும் உள் மறைப்பைப் பின்னால் தள்ளினால் கண்ணாடியின் இரு ஓரங்களிலும் மெல்லிய மூடி தெரியும். நெம்பி எடுங்கள், ஸ்க்ரூக்கள் அதன் பின்னால். அவை நீள் துளையில் உட்கார்ந்திருக்கும். பழைய உயரம் தெரிய டேப்பில் கோடு போட்டுக்கொண்டு கழற்றுங்கள். ஆள் ஒருவர் உள்ளிருந்து தள்ள, மற்றவர் மேலிருந்து வாங்க வேண்டும். கூரை விளிம்பில் முன்கூட்டியே டேப் ஒட்டாவிட்டால் பெயின்ட் கீறும். கண்ணாடியைத் தடித்த துண்டின் மேல் படுக்க வையுங்கள். டெம்பர்டு கண்ணாடியின் பலவீனம் அதன் ஓரம். சிமென்ட் தரையில் ஓரத்தை ஊன்றி நிறுத்தினால் ஒரே தட்டில் பொடிப்பொடியாகும்.

இனி ரெயிலைப் பாருங்கள். கறுப்புக் களிம்பாகத் தெரிவது கிரீஸ் அல்ல, காய்ந்த கிரீஸும் மணலும் சேர்ந்த உப்புத்தாள். கைடு உடைந்ததற்கு மூல காரணமே அதுதான். முழுவதும் துடைத்து எடுக்காமல் புதுத் துண்டைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். துடைத்த பிறகு சிலிக்கான் கிரீஸை விரல் நுனியால் மெல்லியதாகப் பூசுங்கள். டபிள்யூ.டி.40 அடிக்கும் பழக்கம் நம் ஊரில் எல்லாருக்கும் உண்டு, இங்கே வேண்டாம். இருக்கும் கிரீஸையும் கழுவிவிட்டு, சில வாரத்தில் தானும் காய்ந்துவிடும்.

கிட்டின் வார்ப்பு விளிம்பில் பிசிறு இருந்தால் மெல்லிய அரத்தால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். மாட்டியதும் கை தானாக விழும் அளவுக்குத் தளர்வாகவும் இருக்கக் கூடாது, விரலால் தூக்க முடியாத இறுக்கமும் ஆகாது.

இரண்டு பக்கமும் ஒரே இடத்தில்: முழு வேலையும் இதில்தான்

மோட்டாரின் ஒரே பல்சக்கரத்தின் இரு பக்கமும் இரண்டு கேபிள் ஓடுகிறது. சக்கரம் சுழலும்போது ஒன்று இடது கைடை இழுக்கிறது, மற்றது வலது கைடை. மோட்டார் மாட்டியிருக்கும் வரை இரண்டும் இணைபிரியாது. மோட்டாரை இறக்கிய நொடியில் இரண்டும் தனித்தனி. துடைக்கும்போது ஒரு பக்கத்தைக் கை தட்டி ஒரு பல் நகர்த்தியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மோட்டாரை மாட்டி, கண்ணாடியை ஏற்றி, பட்டனை அழுத்தினால் கண்ணாடி லேசாகக் கோணும். இரண்டாம் நாள் புதுக் கைடு உடையும். கிட் மட்டம் என்று திட்டுபவர்களில் பெரும்பாலோர் செய்த பிழை இதுதான்.

ஆகவே மோட்டார் இல்லாத நிலையில் இரண்டு கைடையும் கையால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். பல ஃப்ரேம்களில் ரெயிலில் ஒரு வெட்டோ அம்புக்குறியோ இருக்கும், கைடில் அதற்கு நேராக ஒரு துளை. இரண்டும் நேர்கோட்டில் வர வேண்டும். துளைக்குள் சரியாக நுழையும் துளையிடும் பிட் ஒன்றின் அடிப்பக்கத்தைச் செருகி வைத்தால் கைடு நகராது. இரு பக்கமும் செருகுங்கள். குறி இல்லாத ஃப்ரேமில் ரெயிலின் முன்முனையிலிருந்து கைடு வரை ஸ்கேலால் அளந்து, இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லாமல் வையுங்கள். கண்ணால் மதிப்பிடாதீர்கள், அளக்க வேண்டும்.

இப்போது மூடிய நிலையில் நிறுத்தி வைத்த மோட்டாரை மேலே ஏற்றுங்கள். பல் சேரவில்லை என்றால் அழுத்தாதீர்கள். ஆலன் கீயால் மோட்டாரை அரைப் பல் அளவு திருப்பினால் 'களுக்' என்று உட்காரும். ஸ்க்ரூவைப் பூட்டி, செருகிய பிட்டுகளை மறக்காமல் எடுங்கள். எடுக்காமல் பட்டனை அழுத்தினால் புதுக் கைடு அங்கேயே போச்சு.

கண்ணாடி இல்லாமல், ஆலன் கீயால் கையாலேயே கடைசி வரை திறந்து மூடிப் பாருங்கள். எங்காவது கை கனத்தால் அங்கே தடை இருக்கிறது. மோட்டாருக்கு இது தெரியாது, உங்கள் மணிக்கட்டுக்குத் தெரியும்.

கண்ணாடியின் உயரம்

கண்ணாடியை ஏற்றி ஸ்க்ரூக்களைத் தளர்வாக வைத்து மூடுங்கள். முன் விளிம்பு கூரை மட்டத்துக்குச் சமமாகவோ அதிகபட்சம் ஒரு மி.மீ தாழ்ந்தோ இருக்க வேண்டும். பின் விளிம்பு சமமாகவோ ஒரு மி.மீ உயர்ந்தோ இருக்கலாம். முன்விளிம்பு உயர்ந்தால் நெடுஞ்சாலையில் விசில் அடிக்கும். வங்கி அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. அதைக் கூரையில் படுக்க வைத்துத் தள்ளினால் கண்ணாடி விளிம்பில் இடிக்கிறதா, தாண்டுகிறதா என்று தெரியும். இறுக்கிய பிறகு ஒரு காகிதத் துண்டை ரப்பரில் வைத்து மூடி இழுங்கள். நாலு பக்கமும் ஒரே இழுவை வேண்டும்.

பேட்டரியை மாட்டியதும் மோட்டாருக்கு எல்லையைக் கற்றுக் கொடுக்க வேண்டும். பல வண்டிகளில் தூக்கும் பட்டனை இருபது, முப்பது நொடி விடாமல் பிடித்தால் தானாக ஒரு சுற்று ஓடி நிற்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள வரிசையைப் பின்பற்றுங்கள்.

பின்சேர்க்கை: சரிசெய்த பிறகும் தண்ணீர் வருகிறது என்பவர்களுக்கு

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுக்கத் தடுப்பதற்காக அமைந்ததே அல்ல. உள்ளே வரும் தண்ணீரை ஃப்ரேமைச் சுற்றியுள்ள வாய்க்கால் பிடித்து, மூலைகளில் உள்ள குழாய்கள் வழியாகக் கூரையைத் தாங்கும் தூண்களுக்குள் இறக்கி வெளியே விடும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மாமரத்தடியில் நிற்கும் வண்டியில் மாம்பூவும், பிரிட்டோரியாவில் ஜக்கரண்டா பூவும் அந்தக் குழாய் வாயில் அடைத்துக்கொள்ளும். 2022 ஏப்ரலில் டர்பனில் கொட்டியது போன்ற மழைக்கு அடைத்த குழாய் தாங்காது. ஆகவே குளியலறை சிலிக்கானை வாங்கிக் கண்ணாடியைச் சுற்றி அப்பாதீர்கள், அது பிரச்சினையைத் தொடவே தொடாது.

நைலான் கயிற்றின் முனையை லைட்டரில் காட்டி உருண்டையாக்கி, மேலிருந்து மெதுவாக விடுங்கள். இரும்புக் கம்பி குழாயைக் குத்திவிடும். கம்ப்ரஸர் காற்று அதைவிட மோசம், தூணுக்குள் குழாயின் இணைப்பு கழன்று, தண்ணீர் நேரே கார்ப்பெட்டுக்குள் இறங்கும். பிறகு ஒவ்வொரு மூலையிலும் கால் லிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். முன்மூலைத் தண்ணீர் பொதுவாக முன்கதவு கீல் பக்கமும், பின்மூலைத் தண்ணீர் பின்சக்கரம் அல்லது பம்பர் பக்கமும் சொட்ட வேண்டும். ஊற்றியது வாய்க்காலில் தேங்கினால் குழாய் இன்னும் அடைப்பு. வாய்க்காலில் இறங்கியும் வெளியே சொட்டவில்லை என்றால் இணைப்பு கழன்றிருக்கிறது. அப்போது அந்தத் தூணின் உள்மறைப்பைக் கழற்றிக் குழாயைத் திரும்பச் செருகி, சிறு கிளிப் ஒன்று போட்டுவிடுங்கள்.