பண்டிகை மேசைக்குப் பூ அலங்காரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடித்தோட்டக் குழுக்கள் பண்டிகைக்கு முன்னால் நடத்தும் பூ அலங்காரப் பயிற்சிகளில் பேச்சு முழுக்க நிறத்தையும் வடிவத்தையும் சுற்றியே இருக்கும். ஆனால் பந்தி முடிவதற்குள் பூக்கள் தலை தொங்கிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அது இல்லை. காம்புக்குள் தண்ணீர் ஏறவில்லை, அவ்வளவுதான்.

பயிற்சி பத்து மணிக்கு என்றால், வெயில் ஏறிய பிறகு பறித்து, பையில் அடைத்துக் கொண்டுவருகிறார்கள். வெட்டிய நுனி வழியாகக் காற்று புகுந்து நீர்ப்பாதையை அடைத்துவிடும். விடியற்காலையிலோ முந்தின நாள் சாயங்காலமோ வெட்டி, உடனே வாளித் தண்ணீரில் நிறுத்தி, இரண்டு மூன்று மணி நேரமாவது நிழலில் விடுங்கள். அலங்கரிக்கும்போது நுனியைத் தண்ணீருக்குள் வைத்தே இன்னொரு முறை சாய்வாக வெட்டுங்கள். கத்தரி மழுங்கியிருந்தால் காம்பு நசுங்கும், பட்ட பாடெல்லாம் வீண். ஜெர்பராவுக்கு மட்டும் ஆழமான தண்ணீர் ஆகாது, காம்பு அழுகிவிடும். செம்பருத்திக்கோ இந்தப் பாடே வேண்டாம். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலான வகைகள் ஒரே நாள்தான் விரிந்திருக்கும், அன்று காலையில் பறித்து அப்படியே வைக்கலாம்.

நீர்மட்டத்துக்குக் கீழே இலைகளை விடாதீர்கள். செண்டுமல்லி இலை ஊறினால் தண்ணீர் சீக்கிரமே நாறும். சர்க்கரை மட்டும் போடுவதும் தப்பு, அது பாக்டீரியாவுக்குத்தான் தீனி. போடுவதென்றால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் சில சொட்டு பிளீச்சும் சேர்த்தே போடுங்கள்.

அடுத்து, காம்புகளைக் குத்தி நிறுத்தக் கடையில் விற்கும் அந்தப் பச்சை ஃபோம், அதாவது தண்ணீரை உறிஞ்சி வைக்கும் பஞ்சு போன்ற கட்டி. கையால் அமுக்கி நனைத்தால் வெளியே ஈரம், உள்ளே வறட்சி. தண்ணீரில் மிதக்கவிட்டுத் தானாக மூழ்கவிட வேண்டும். ஆனால் ஃபோமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அது மக்காத பிளாஸ்டிக், பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும். பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதற்குத் தடை விதித்திருக்கிறது. சொந்தமாக உரம் தயாரிக்கும் நம் குழுக்களுக்கு அது எதற்கு? குலை வெட்டிய வாழைமரத்தைத் துண்டு போட்டால், அதில் இருக்கும் ஈரமே ஒரு நாள் விருந்துக்குப் போதும். பூவைக் குத்தி நிறுத்தலாம், அப்புறம் உரக்குழியில் போடலாம். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது, அடியில் ஒரு தட்டு வையுங்கள். உருளியில் வைப்பதென்றால் கோழிவலையைச் சுருட்டி வைத்தால் போதும்.

மேசையில் முழங்கையை ஊன்றிக் கையை நிமிர்த்துங்கள். விரல் நுனிக்கு மேலே பூ போனால் எதிரே இருப்பவர் முகம் தெரியாது. சம்பங்கி, மரிக்கொழுந்து வாசம் சாப்பாட்டு மணத்தோடு முட்டும், கூடத்தில் வையுங்கள். கனிந்த வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் கார்னேஷனும் ஆர்க்கிட்டும் வேண்டாம். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு அவற்றைச் சீக்கிரம் வாட வைத்துவிடும்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. செங்காந்தள் நம் மாநில மலர்தான், கார்த்திகையை ஒட்டிப் பூக்கும்போது எடுத்து வைக்கக் கை பரபரக்கும். ஆனால் கிழங்கிலிருந்து பூ வரை அத்தனையும் விஷம். அரளியும் அப்படியே. இதழ் உதிர்ந்து தட்டில் விழும், குழந்தை எடுத்து வாயில் வைக்கும். இவை இரண்டும் சாப்பாட்டு மேசைக்கு வரக்கூடாது. வேறு எங்காவது ஜாடியில் வைத்திருந்தாலும், அந்தத் தண்ணீரைக் குழந்தைகளும் வீட்டு விலங்குகளும் தொடாத இடத்தில் கொட்டிவிட்டுக் கையைக் கழுவுங்கள்.