ஜனவரி 31-க்கு அடுத்த மாதம் எந்தத் தேதி? கணக்கு மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தேதித் தவறுகள்

வாடகை, கடன் தவணை, சந்தா, தேய்மானம் என்று திரும்பத் திரும்ப வரும் பதிவுகளுக்கு ஒரு வசதி எழுதச் சொன்னால், முதலில் எல்லோர் கையும் ஒரே இடத்துக்குத்தான் போகும். டேபிளில் ‘அடுத்த தேதி’ என்று ஒரு ஃபீல்டு வைப்பது, அந்த நாள் வந்ததும் பதிவைப் போடுவது, அப்புறம் அதே தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டி அதே ஃபீல்டில் திரும்ப எழுதிவிடுவது. நானும் அப்படித்தான் எழுதினேன். மாதக் கடைசியில் போக வேண்டிய தவணை ஒன்று பிப்ரவரி தாண்டியதிலிருந்து 28-ஆம் தேதியே போய்க்கொண்டிருக்கிறது என்று கணக்கு பார்ப்பவர் ஒருவர் எடுத்துக் காட்டிய பிறகுதான் கோளாறு எங்கே என்று புரிந்தது.

2025 ஜனவரி 31-இல் தொடங்குங்கள். பிப்ரவரியில் 31 கிடையாது, அதனால் 28. இதுவரை சரி. ஆனால் இப்போது ஃபீல்டில் இருப்பது பிப்ரவரி 28, அதோடு ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28, அப்புறம் ஏப்ரல் 28, மே 28. தொடக்கம் 31 என்ற தகவலே அழிந்துவிட்டது, எந்தக் கணக்குப் போட்டாலும் அது திரும்பி வராது. ஜனவரி 31-உடன் நேராக இரண்டு மாதம் கூட்டினால் மார்ச் 31 வரும், ஒவ்வொரு மாதமாக இரண்டு முறை கூட்டினால் மார்ச் 28 வரும். மாதக் கூட்டல் சாதாரண எண் கூட்டல் மாதிரி நடந்துகொள்ளாது. அதனால் தொடக்கத் தேதியையும் விதியையும் மட்டும் சேமித்து வையுங்கள், ஐந்தாவது தவணை வேண்டுமா, தொடக்கத் தேதியிலிருந்து நேராக நான்கு மாதம் கூட்டுங்கள், நாலாவது தவணையின் தேதியைத் தொடவே தொடாதீர்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் கீழே சொல்லப்போகிறவற்றில் பாதி தானாகவே சரியாகிவிடும்.

‘லைப்ரரி (யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல்) பார்த்துக்கொள்ளும்’ என்று விடவும் முடியாது, ஏனென்றால் லைப்ரரிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் 2025 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28. ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மொழியின் ‘டேட்’ (Date) என்ற தேதி வகையில் மாத எண்ணை மட்டும் ஒன்று கூட்டினால் மார்ச் 3 வரும், பிஎச்பி மொழியிலும் அதே கதைதான், பிப்ரவரியைத் தாண்டிக் குதித்துவிடும். காலண்டர் செயலிகள் பயன்படுத்தும் ஐகேலண்டர் தரம், அதாவது ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தர ஆவணம், மூன்றாவது வழியில் போகிறது. ‘மாதந்தோறும் 31’ என்றால் 31 இல்லாத மாதங்களை அப்படியே விட்டுவிடும். கூட்டத்துக்கு நினைவூட்ட அது பரவாயில்லை. வாடகைக்கு அந்த விதியை எடுத்தால் வருடத்தில் 7 பதிவுதான் விழும். கடைசி நாள் வேண்டுமென்றால் அங்கே நாள் எண்ணாக −1 கொடுக்க வேண்டும். இல்லாத தேதியை விடுவதா, முன்னே இழுப்பதா, பின்னே தள்ளுவதா என்று தேர்ந்தெடுக்கும் வசதி 2015-இல் ஆர்எஃப்சி 7529 வழியாகத்தான் சேர்ந்தது. ஆக, எடுக்கிற லைப்ரரி எதுவானாலும் முதல் வேலையாக ஜனவரி 31-ஐக் கொடுத்து என்ன திரும்பி வருகிறது என்று பாருங்கள்.

இதை ஒட்டி இன்னொன்று. பயனர் பிப்ரவரி 28-ஐத் தேர்ந்தெடுத்து ‘மாதந்தோறும்’ என்கிறார். அவர் நினைப்பது 28-ஆம் தேதியா, மாதத்தின் கடைசி நாளா? தேதியை வைத்து ஊகிக்க வழியே இல்லை, ஏப்ரல் 30-க்கும் இதே சிக்கல்தான். கடைசி நாள் என்றால் கடைசி நாள் என்று தனி விருப்பமாகத் திரையில் காட்டி, தனியாகவே சேமியுங்கள். பிப்ரவரி 29-இல் தொடங்கும் ஆண்டுப் பதிவுக்கு மற்ற ஆண்டுகளில் 28-ஆ மார்ச் 1-ஆ என்பதையும் நீங்களே தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும்.

மாதம் என்றால் 30 நாள், இரண்டு வாரம் என்றால் அரை மாதம் என்று எழுதப்பட்ட நிரலை இன்னும் பார்க்கிறேன். 2025 ஜனவரி 1-இல் தொடங்கி 30 நாள் கூட்டிப் பாருங்கள். அடுத்தது ஜனவரி 31, அதற்கு அடுத்தது மார்ச் 2. ஜனவரியில் இரண்டு பதிவு, பிப்ரவரியில் ஒன்றுமே இல்லை, அந்த இரண்டு மாத லாப நஷ்டக் கணக்கும் தப்பு. அதேபோல மாதம் இருமுறை என்பது வருடத்துக்கு 24, பதினான்கு நாளுக்கு ஒருமுறை என்பது 26, சில வருடம் 27. 2026 ஜனவரி 1-இல் சம்பளம் போட ஆரம்பித்தால் 27-ஆவது சம்பளம் டிசம்பர் 31-இல் வந்து நிற்கும், பட்ஜெட்டை 26-ஆல் வகுத்து வைத்தவர் அன்றைக்கு என்ன செய்வார்? வார எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து ஒன்றுவிட்ட வாரத்தைக் கண்டுபிடிக்கும் குறுக்குவழியும் வேண்டாம். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் வாரக் கணக்கில் 2026-க்கு 53 வாரம், 53-க்கு அடுத்தது 1, இரண்டுமே ஒற்றைப்படை.

விடுமுறை நாள் மாற்றத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 2024 ஆகஸ்ட் 31 சனிக்கிழமை. ‘அடுத்த வேலை நாள்’ என்று விதி வைத்திருந்தால் பதிவு செப்டம்பர் 2-க்குப் போகும், செப்டம்பருக்கான பதிவு 30-ஆம் தேதி திங்கட்கிழமை தன் நாளிலேயே விழும். ஆகஸ்டில் செலவே இல்லை, செப்டம்பரில் இரட்டைச் செலவு. இதற்காகவே நிதித் துறையில் ஒரு வழக்கம் உண்டு: அடுத்த வேலை நாள் மாதம் தாண்டிவிட்டால் மட்டும் முந்தைய வேலை நாளுக்குத் திரும்பிவிடுவது, இங்கே ஆகஸ்ட் 30. எந்த வழக்கத்தை எடுத்தாலும், நகர்த்திய தேதியை அடுத்த கணக்குக்கு அடிப்படையாக எடுக்காதீர்கள். விதிப்படி வரும் தேதி வேறு, பதிவாகும் தேதி வேறு. இரண்டுக்கும் தனித்தனி ஃபீல்டு வையுங்கள்.

அந்தப் பிரிப்பு இரட்டைப் பதிவையும் தடுக்கும். 5-ஆம் தேதிப் பதிவு தானாக விழுந்துவிட்டது, பணம் உண்மையில் 7-ஆம் தேதி போனதால் பயனர் தேதியைத் திருத்துகிறார். ‘5-ஆம் தேதியில் பதிவு இருக்கிறதா?’ என்று தேடும் மென்பொருள் இல்லை என்று நினைத்து இன்னொன்றைப் போட்டுவிடும். இரண்டு சர்வர் ஒரே நேரத்தில் ஓடினாலும் இதே விளைவுதான். ஷெட்யூலின் (திரும்ப வரும் பதிவுக்கான விதியின்) எண், விதிப்படி வரும் தேதி, இந்த இரண்டும் சேர்ந்தது ஒருமுறைக்கு மேல் வரக்கூடாது என்று டேட்டாபேஸிலேயே தடை போடுங்கள். அப்படிச் செய்தால் மென்பொருளை மூன்று மாதம் யாரும் திறக்காமல் இருந்தாலும் விட்டுப்போனவற்றைப் பயமில்லாமல் திரும்ப ஓட்டலாம். ஆனால் அவற்றில் ஏதாவது ஏற்கனவே மூடிய கணக்குக் காலத்தில் விழுந்தால் தானாகப் போட்டுவிடாதீர்கள், மனிதரைக் கேளுங்கள்.

தேதியை நேரமாகச் சேமிப்பது இன்னொரு தொல்லை. யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்று சேமித்த தேதி, மேற்கே இருக்கும் டைம்ஜோனில் முந்தைய நாளாகத் தெரியும், மாதத்தின் முதல் நாள் பதிவு என்றால் முந்தைய மாதத்துக்கே போய்விடும். குனுகேஷ் என்ற கணக்கு மென்பொருள் இதற்காகப் பதிவுத் தேதியை யுடிசி 10:59 என்று சேமிக்கிறது, அந்த நொடியில் உலகின் பெரும்பாலான டைம்ஜோன்களில் ஒரே தேதிதான் இருக்கும். பழைய தரவோடு ஒத்துப்போக அது நல்ல வழி. புதிதாக எழுதுகிறவர் நேரமே இல்லாத தேதி வகையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக் கூட்ட 86,400 நொடி, அதாவது 24 மணி நேரம், கூட்டுவதும் வேண்டாம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கும் நாளில் 25 மணி நேரம் இருக்கும், அன்று நள்ளிரவிலிருந்து 86,400 நொடி கூட்டினால் அதே தேதியில் இரவு 11 மணிக்குத்தான் வந்து நிற்பீர்கள்.

வாடகை ஏறினால் பழைய விதியைத் திருத்தாமல், அதற்கு முடிவுத் தேதி போட்டுவிட்டு புதிய விதி ஒன்றைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் போன வருட அறிக்கையை மறுபடி எடுக்கும்போது தொகை மாறி நிற்கும். ‘12 முறை மட்டும்’ என்ற விதியில் பயனர் ஒன்றைத் தவிர்த்தால் அதுவும் எண்ணிக்கையில் சேருமா என்பது கடன் தவணைக்கும் சந்தாவுக்கும் வேறுபடலாம், அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சோதனைக்கு நான் வைத்திருக்கும் தொடக்கத் தேதிகள் ஜனவரி 29, 30, 31, பிப்ரவரி 28, 29, டிசம்பர் 31. ஒவ்வொன்றையும் 48 மாதத்துக்கு, அதாவது ஒரு லீப் வருடமாவது நடுவில் வரும்படி ஓட்டி, ஒவ்வொரு மாதத்திலும் சரியாக ஒரு பதிவுதான் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பேன். நீண்ட காலக் குத்தகை இருந்தால் 2100-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள், நாலால் வகுபட்டாலும் அது லீப் வருடம் இல்லை.