சவர்க்காரத்தில் ஒரு வெளிச்சவீடு

பேத்திக்குப் பாடசாலையில் செய்பணி: இலங்கை வெளிச்சவீடு ஒன்றின் மாதிரி. வகுப்பில் பாதிப் பேர் ரெஜிஃபோமை உருளையாக வெட்டி, வெள்ளையடித்து, உச்சியில் ஒரு சின்ன பல்ப் வைத்துக் கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருடம் கட்டட வரைபடம் கீறிய கை இது. மனம் ஒப்பவில்லை. சன்லைட் சவர்க்காரத்தில் பெரிய இராவணன் கோட்டை வெளிச்சவீட்டைக் கட்டினோம், ஒரு துளி பசையும் இல்லாமல்.

கொழும்பில் இருப்பவர்கள் கத்தியை எடுக்கும் முன் நகரின் கோட்டைப் பகுதிக்குப் போய் சதாம் வீதி மணிக்கூட்டுக் கோபுரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். தேசாதிபதி வார்டின் மனைவி எமிலி வடிவமைத்தது, 1857. பிறகு அதன் உச்சியிலேயே விளக்கையும் ஏற்றினார்கள். சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து வெளிச்சத்தை மறைக்க, 1952இல் விளக்கு கடற்கரைப் பக்கம் புதுக் கோபுரத்துக்குப் போய்விட்டது. தரையில் நிற்கும் கோபுரத்துக்கு வரும் தொல்லை அவ்வளவுதான். நாங்கள் செய்யப்போவதோ அலைக்கு நடுவே நிற்பது.

அது கிரிந்தக் கரையிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் ஒரு பாறைத் திட்டில் நிற்கிறது. சிங்களத்தில் மகா ராவண கோட்டுவ, கப்பற்காரருக்கு கிரேட் பாஸஸ். முதலில் இரும்புக் கோபுரம் வைக்கப் பார்த்து, அதைக் கைவிட்டார்கள். அப்புறம் பொறியியலாளர் ஜேம்ஸ் டக்ளஸ் கருங்கல்லில் வரைந்து கொடுக்க, தம்பி வில்லியம் பாறையில் நின்று கட்டினார். 1873 மார்ச்சில் விளக்கு எரிந்தது. இதன் சோடியான சின்ன இராவணன் கோட்டை வெளிச்சவீட்டுக்கு 1878.

கடல் அடங்கியிருக்கும் சில மாதங்களில்தான் அந்தப் பாறையில் கால் வைக்க முடியும். அங்கே போய் நின்றுகொண்டு கல் கொத்த முடியுமா? அதனால் ஸ்கொட்லாந்தின் டல்பீட்டியிலேயே ஒவ்வொரு கல்லையும் செதுக்கி முடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: எல்லாத் துண்டும் வெட்டி முடியும்வரை அடுக்கத் தொடங்காதீர்கள்.

ஒரு வரிசைக்கு ஆறு கட்டி. மூன்று வரிசைக்குப் பதினெட்டு. செலவு என்று தோன்றினால் இரண்டு வரிசை போதும். சீவல் வீண் போகாது, கரைத்தால் உடுப்புத் துவைக்கலாம். புதுக் கட்டியாக வாங்குங்கள். காய்ந்தது விளிம்பில் உடையும். கத்தியைச் சுடுதண்ணீரில் தோய்த்துத் தோய்த்து வெட்டுங்கள்.

முதலில் பிஸ்கட் பெட்டி அட்டையில் அச்சு. வெளிப்பக்கம் 7 சென்டிமீட்டர், உள்பக்கம் 2க்குச் சற்றுக் குறைவு, அகலம் நாலரை. இரு பக்கமும் ஒரே சாய்வு. ஆறையும் சேர்த்தால் நடுவில் ஓட்டையுடன் அறுகோணம் வர வேண்டும். வராவிட்டால் அச்சைத் திருத்துங்கள், கட்டியை அல்ல.

அடுத்தது புறாவால். ஒரு சாய்ந்த பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு நாக்கு விடுங்கள்: கழுத்து ஒடுக்கம், நுனி விரிவு. தச்சர்கள் டவ்டெயில் என்பது இதைத்தான். மற்றப் பக்கத்தில் அதே அளவுக்குக் குழி. அச்சு அட்டையிலேயே நாக்கையும் குழியையும் கீறிவிட்டால் ஆறும் ஒன்றுபோல வரும். நாக்கு குழிக்குள் மேலிருந்து கீழே மட்டும் இறங்கும், பக்கவாட்டில் இழுத்தால் வராது. என் முதல் நாலு நாக்கும் கழுத்தில் முறிந்தன. கழுத்தை ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே ஒடுக்காதீர்கள்.

ஆறையும் பூட்டி, வளையத்தின் மேல் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வட்டம் கீறுங்கள். வட்டத்துக்கு வெளியே 3 மில்லிமீட்டர் சீவுங்கள். உள்ளே மேடு நிற்கும். மேலே வரும் வளையத்தின் அடியில் அதே கோப்பை, அதே வட்டம், இம்முறை உள்ளே சீவ வேண்டும். தொப்பிபோல உட்காரும். வட்டம் என்பதால் மேல் வளையத்தைக் கொஞ்சம் திருப்பி, கீழ்ப் பொருத்துக்கு மேல் முழுக்கட்டி வரும்படி வைக்கலாம். உண்மைக் கோபுரத்தில் சீமெந்தும் போட்டார்கள், சரி. ஆனாலும் அலை அறையும்போது பிடித்துக்கொள்வது கல்லின் வடிவம்.

குளியலறையில் தட்டில் வைத்து வாளித் தண்ணீரை ஓங்கி ஊற்றினோம். நாக்கில்லாமல் அடுக்கிய ஒப்பீட்டுக் கோபுரம் முதல் வாளியிலேயே சரிந்தது. மற்றது நின்றது.

"அம்மப்பா, ஒட்டவே இல்லையே, எப்பிடி நிக்குது?"

"ஒண்டின்ர கையை மற்றது பிடிச்சிருக்கு, பிள்ளை."

2004 டிசெம்பர் 26இல் சுனாமி பெரிய, சின்ன இராவணன் கோட்டை வெளிச்சவீடுகள் இரண்டையும் அடித்தது. சேதம் வந்தது, கோபுரங்கள் நின்றன.

பராமரிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். நனைந்த மாதிரியை நிழலில் உலர்த்தி, பொலித்தீனில் சுற்றி வையுங்கள். காய்ந்தால் சவர்க்காரம் சுருங்கி நாக்கு ஆடும். வெள்ளவத்தையில் கடற்காற்று இருந்தும் எங்கள் மாதிரியில் அது நடந்தது. வார்னிஷ் பூசலாம் என்று ஒருவர் சொன்னார். பூசாதீர்கள், பொருத்துக்குள் இறங்கினால் பிறகு எதையும் கழற்ற முடியாது.

கழற்ற வேண்டி வரும். எலிக்குச் சவர்க்காரம் பிடிக்கும். மூன்றாம் நாள் இரவு நடு வளையத்தில் ஒரு கட்டியின் மூலையைக் கடித்துவிட்டது. மேல் வளையத்தைத் தூக்கி, அந்த ஒன்றை மட்டும் மேலே இழுத்து எடுத்து, அதே அச்சில் புதியது வெட்டி இறக்கினோம். பழையவை வெளிறியிருக்க, புதியது மட்டும் பளிச்சென்று மஞ்சளாகத் தெரிகிறது. பேத்தி எல்லாவற்றையும் மாற்றக் கேட்டாள். ஆசிரியை கேட்டால் எலியின் கதையைச் சொல் என்று அனுப்பிவிட்டேன்.